இரண்டு பியர்தானே, தெஹிவளை வரைக்கும்தானே?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். டிசம்பரில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். கனடாவிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வருகிறார், வாடகைக்கு எடுத்த காரில்தான் திரிவார். ஹோலில் இரவுச் சாப்பாடு முடிய பொடியன்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி "கொஞ்சம் எடுப்பார்கள்". இரண்டு பியர், கூடினால் ஆளுக்கு ஒரு கால் போத்தல் சாராயம். பிறகு பக்கத்திலிருக்கும் தெஹிவளை வரைக்கும் வண்டி ஓட்டினால் சட்டப்படி பிரச்சினையா? பிடித்தால் தண்டத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாமா?

பிரச்சினைதான். தண்டத்தைக் கட்டிவிட்டு உடனே வரவும் முடியாது. கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் இந்த வழக்குகளோடு நெடுங்காலம் மாரடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த விஷயத்தில் ஆட்கள் விசாரிப்பது எப்போதும் தண்டத் தொகையைத்தான். வருகிற செலவுகளில் ஆகச் சிறியது அதுதான். உங்கள் மச்சானுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எல்லை. இலங்கையின் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவுதான் இதற்கான சட்டம். மதுவோ போதைப்பொருளோ எடுத்துவிட்டு வீதியில் மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது என்கிறது. கார், மோட்டார் சைக்கிள், த்ரீவீல், பஸ் என்று பேதமில்லை. மது என்று வரும்போது, 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 0.08 கிராம், அதாவது 80 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் அற்ககோல் இருந்தால் நீங்கள் குடித்துவிட்டு ஓட்டியதாகக் கொள்ளப்படும். உலக அளவில் பார்த்தால் இது தாராளமான எல்லை. இந்தியாவில் 30 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்வது 50, இளம் சாரதிகளுக்கும் புதிதாக ஓட்டப் பழகியவர்களுக்கும் 20. இங்கிலாந்தில் நம்மைப் போலவே 80தான், ஆனால் ஸ்கொட்லாந்து 2014இல் 50க்கு இறக்கிவிட்டது.

எல்லை தாராளமாக இருப்பதால், "அதுவரைக்கும் குடிக்கலாம்" என்று அரசாங்கமே அனுமதி தந்ததுபோல ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அதைத்தான் முதலில் உடைக்க வேண்டும். வாருங்கள், கணக்குப் பார்ப்போம்.

"இரண்டு பியர்" என்று சொன்னீர்கள். எந்தப் பியர்? சாதாரண லாகர் 5 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஸ்ட்ரோங் என்று விற்பது 8.8 வீதம் வரை போகும். 625 மில்லிலீட்டர் பெரிய போத்தல் ஒன்றில், லாகர் என்றால் ஏறத்தாழ 24 கிராம் சுத்த அற்ககோல். ஸ்ட்ரோங் என்றால் ஏறத்தாழ 43 கிராம். இப்போது சாராயத்துக்கு வாருங்கள். 180 மில்லிலீட்டர் கால் போத்தல், 33.5 வீதம் என்று வைத்தால், 47 கிராமைத் தாண்டும். அதாவது ஒரு பெரிய ஸ்ட்ரோங் பியரும் ஒரு கால் போத்தல் சாராயமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "நான் சாராயம் தொடுறதில்லை, பியர் மட்டும்தான்" என்று பெருமையாகச் சொல்கிற ஆட்களை எனக்கு நிறையத் தெரியும். இரத்தத்துக்கு அந்தப் பெருமையெல்லாம் தெரியாது.

70 கிலோ எடையுள்ள ஒரு ஆம்பிளைக்கு இதை வைத்துப் பாருங்கள். கால் போத்தலை ஓரளவு வேகமாக முடித்தால் இரத்தத்தில் 0.10 அளவுக்கு ஏறும். ஆள் 55 கிலோ என்றால் அதே கால் போத்தல் 0.12ஐத் தாண்டும். இரண்டு பெரிய லாகரை இரண்டு மணித்தியாலம் இழுத்தடித்துக் குடித்தால் 0.07 பக்கத்தில், எல்லைக்கு மயிரிழை கீழே. இரண்டு ஸ்ட்ரோங் என்றால், அதே இரண்டு மணித்தியாலத்தில் 0.15. எல்லையின் இரண்டு மடங்கை நெருங்குகிறது. இரண்டுமே "இரண்டு பியர்" தான், கவனித்தீர்களா? பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு, அதனால் அதே எடையில் அதே அளவு குடித்தாலும் இலக்கம் மேலே போகும்.

இவை சராசரிக் கணக்குகள். வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா, பைட்ஸோடு எடுத்தீர்களா, வெறும் வயிறா, என்ன மருந்து எடுக்கிறீர்கள், எல்லாமே இலக்கத்தை இரண்டு பக்கமும் தள்ளும். ஆகவே இந்தக் கணக்கைப் பார்த்து "அப்போ நான் ஒரு லாகரோடு நிறுத்தினால் சரி" என்று முடிவெடுக்க வேண்டாம். உங்கள் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்பதை நீங்கள் உணர்வால் அறிய முடியாது என்பதைக் காட்டத்தான் சொன்னேன்.

இன்னொன்று, ஆட்கள் கவனிக்காத விஷயம். குடித்தது உடனே இரத்தத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. அரை மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை எடுக்கும். கிளம்பும் நேரத்தில், செருப்பைத் தேடிக்கொண்டே, "கடைசி ஒன்று" என்று ஒருவன் ஊற்றித் தருவான் பாருங்கள், அது உச்சத்துக்கு வரும்போது நீங்கள் வீதியில் இருப்பீர்கள். ஹோல் வாசலில் நல்ல நிதானமாக நின்ற ஆள் வழியில் வண்டியை எதிலாவது மோதுவது இதனால்தான்.

அப்புறம், கைவைத்தியங்கள். தேசிக்காய்ச் சாறு, கடும் கோப்பி, குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகல், வெற்றிலை, ஏலக்காய், வாந்தி எடுத்தல். ஒன்றும் எடுபடாது. ஏலக்காய் வாய் மணத்தை மறைக்கலாம், ஆனால் கருவி அளப்பது வாய் மணத்தை அல்ல, நுரையீரலின் அடியிலிருந்து வருகிற மூச்சில் இருக்கும் அற்ககோலை. அது இரத்தத்திலிருந்து நேரே அங்கே வருவது. கோப்பி தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான். தூக்கம் கலைந்த குடிகாரன் இன்னும் ஆபத்து, ஏனென்றால் தனக்குத் தெளிந்துவிட்டது என்று நம்பிவிடுவான். அற்ககோலை எரிப்பது ஈரல், அதன் வேகம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 0.015. அதை யாராலும் விரட்ட முடியாது.

இந்த வேகத்தை நினைவில் வைத்துக்கொண்டு மறுநாள் காலையைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை ஒருவர் அரைப் போத்தல் சாராயம் முடிக்கிறார் என்று வைப்போம். அதே 70 கிலோ ஆள். நள்ளிரவில் அவர் 0.14 அல்லது 0.15இல் இருப்பார். போய்ப் படுக்கிறார். விமானத்துக்கு ஆளை ஏற்றக் கட்டுநாயக்காவுக்குப் போக வேண்டும் என்று மூன்று மணிக்கு எழும்பினால், இன்னும் 0.10. கொஞ்சம் தூங்கி, பல் துலக்கி, பிளேன்டீயும் குடித்துவிட்டுத்தான் ஏறியிருப்பார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் குடித்த சாரதி, வீதியின் கண்ணிலும் அப்படித்தான். முழுதாகக் கழிய காலை பத்து மணியாகும். கலியாண வீட்டு மறுநாள் விமான நிலையப் பயணங்களைப் பற்றி எனக்குத் தனிப் பயமே உண்டு.

சட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. 0.02 அளவிலேயே ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைக் கவனிக்கும் திறன் குறையத் தொடங்குகிறது. கொழும்பில் ஓட்டுவது என்றாலே ஒரே நேரத்தில் ஆறு விஷயத்தைக் கவனிப்பதுதான். 0.05இல் கண் ஒரு அசையும் பொருளைப் பின்தொடர்வது தளர்கிறது. 0.08 வரும்போது தூரத்தையும் வேகத்தையும் கணிப்பது பிழைக்கிறது, பக்கவாட்டில் வருவது பிந்தித்தான் தெரியும். விபத்துக்கான வாய்ப்பு குடிக்காதவரைவிடச் சுமார் மூன்று மடங்கு, இலக்கம் ஏற ஏற அது கிடுகிடுவென்று ஏறும். இதோடு ஒரு கெட்ட துணை: திறன் குறையும் அதே நேரத்தில் தன்னம்பிக்கை கூடுகிறது. "குடிச்சால்தான் நான் நல்லா ஓட்டுவன்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிகிறது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போகும். பிரேக்கில் கால் வைப்பது வெறும் 0.3 வினாடி பிந்தினால் நான்கு மீட்டர் கூடுதலாகப் போய்விடும். நான்கு மீட்டர் என்றால் என்ன? இரவு பதினொரு மணிக்கு வெள்ளவத்தையில் காலி வீதியில் (Galle Road) நின்று பாருங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர், நின்ற பஸ்ஸுக்கு முன்னால் சுற்றி வந்து, கையைக் காட்டிக்கொண்டே குறுக்கே நடக்கிறார். பஸ்ஸின் மறைப்பிலிருந்து அவர் வெளியே வருகிற இடத்துக்கும் உங்கள் பொனட்டுக்கும் இடையில் இருப்பது அந்த நான்கு மீட்டர்தான். எதிரே ஒரு த்ரீவீல் முழு வெளிச்சம் போட்டுக்கொண்டு வந்தால், குடித்த கண் அந்தக் கூச்சத்திலிருந்து மீளவும் கூடுதல் நேரம் எடுக்கும். மரைன் டிரைவில் கடற்காற்று வாங்க வந்த குடும்பங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வீதியைக் கடக்கும் நேரமும் இதுதான். "தெஹிவளை கிட்டத்தானே" என்ற சமாதானம் இங்கே உதவாது. கிட்டத்தில் போகிற பாதையில்தான் ஆட்கள் நடமாட்டம் கூட. இந்தச் சின்னத் தீவில் ஆண்டுக்கு 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்தில் சாகிறார்கள். எல்லாமே குடியால் அல்ல, ஆனால் பாதசாரிகளும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும்தான் அதில் பெரும்பங்கு.

சரி, பொலிஸ் கை காட்டி நிறுத்துகிறது. என்ன நடக்கும்?

பார்த்துப் பழகிய ஆள் என்றால் கண்ணாடியை இறக்கியதுமே அவருக்குப் பாதி தெரிந்துவிடும். லைசன்ஸ், இன்சூரன்ஸ், வாகன வருமான அனுமதிப்பத்திரம் மூன்றையும் கேட்பார். நீங்கள் பேசும் விதத்தையும் பத்திரத்தை எடுக்கும் விதத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். சந்தேகம் வந்தால் ஊதச் சொல்வார். சில இடங்களில் இலக்கம் காட்டும் மின்னணுக் கருவி. நம் ஆட்கள் "பலூன்" என்று சொல்வது ஒரு முறை மட்டும் பாவிக்கும் கண்ணாடிக் குழாயை. குழாய்க்குள் மஞ்சள் நிறப் பளிங்குத் துகள்கள் இருக்கும், பொற்றாசியம் இருகுரோமேற்று. அற்ககோல் பட்டால் அது பச்சையாகும். ஒரு முனையில் பை, மறுமுனையில் உங்கள் வாய். பை நிறையும் வரை ஊத வேண்டும். பச்சை நிறம் குழாயில் போட்டிருக்கும் கோட்டைத் தொட்டால் வேலை முடிந்தது. குழாயை உங்கள் முன்னால் பைக்கற்றிலிருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள், ஏற்கெனவே உடைத்த குழாய் என்றால் மரியாதையாகப் புதிது கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஊதமாட்டேன் என்று அடம்பிடிப்பது உரிமை அல்ல. மறுத்தால், நீங்கள் குடித்திருந்ததாகவே சட்டம் ஊகித்துக்கொள்ளும், இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில் விழும். "ஊதாமல் விட்டால் அத்தாட்சி இல்லை" என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை நம்பி மாட்டிய ஆட்கள் ஏராளம்.

அடுத்தது பொலிஸ் நிலையம், தேவைப்பட்டால் அரச வைத்தியரிடம் அல்லது சட்ட வைத்திய அதிகாரியிடம். அவர் மணத்தையும் பேச்சையும் கண்மணியையும் பார்ப்பார், நேர்கோட்டில் நடக்கச் சொல்வார், விரலால் மூக்கைத் தொடச் சொல்வார், எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுவார். விபத்து நடந்திருந்தால் இரத்தமும் எடுக்கப்படலாம். பக்கத்தில் இருக்கிற நண்பர் இந்த நேரத்தில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. பேர்ஸை வெளியே எடுப்பது. லஞ்சம் கொடுக்க முனைவது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். குடிபோதை வழக்கு ஒன்றோடு போயிருக்க வேண்டியவர் இரண்டு வழக்கோடு போவார், இரண்டாவது முதலாவதைவிடக் கனமானது.

வாக்குமூலம் எடுப்பார்கள். பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். உங்களுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது என்றால், தமிழில் எழுதும்படியோ, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வாசித்துக் காட்டும்படியோ கேளுங்கள். அமைதியாகக் கேட்டால் கொழும்பில் பெரும்பாலும் செய்து தருவார்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். எந்த வழக்கானாலும் இது பொருந்தும்.

லைசன்ஸ் அவர்களிடமே போய்விடும். வண்டியை, குடிக்காத, லைசன்ஸ் உள்ள ஒருவர் வந்து பொறுப்பெடுக்கும் வரை நிறுத்தி வைப்பார்கள். வேகம், சிக்னல் போன்றவற்றுக்கு எழுதித் தரும் துண்டைத் தபாற் கந்தோரில் கட்டிவிட்டு லைசன்ஸை மீட்பது போன்ற வழி இதற்குக் கிடையாது. உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் இதுதான்: இது நீதவான் முன்னால் போகிற வழக்கு.

நீதிமன்றக் காலை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக: ஒன்பது மணிக்கு முன்பே விறாந்தையில் கூட்டம். கைவிலங்கோடு வந்தவர்களும், இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வங்கி வேலைக்கு லீவு போட்டு வந்தவர்களும் ஒரே வாங்கில். பெயர் கூப்பிட்டால் கூண்டில் ஏற வேண்டும். குற்றப்பத்திரத்தை வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பார்கள். எண்ணிப் பார்த்தால் இரண்டு நிமிடம். ஆனால் ஊரில் பெரிய மனிதர் என்று நடமாடுகிறவர், அந்தக் கூண்டின் மரச்சட்டத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டம் 25,000 ரூபாவுக்குக் குறையாது, 30,000 வரை போகும். மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். லைசன்ஸை ஒரு வருடம் வரை இடைநிறுத்தலாம். இந்த 25,000 ரூபாவுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 2017 வரவுசெலவுத் திட்டத்தில், குடித்துவிட்டு ஓட்டுவது உட்படச் சில பாரிய குற்றங்களுக்கு இந்தத் தொகையைப் பிரேரித்தபோது, 2016 இறுதியில் தனியார் பஸ்காரர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். பிறகு 2019இல் திருத்தச் சட்டமாக வந்தது. அதே 2019 ஜூலையில் பொலிஸ் ஒரு மாத விசேட நடவடிக்கையாக இரவு இரவாகச் சோதனை போட்டதும் பலருக்கு நினைவிருக்கும். தொகையைவிட லைசன்ஸ் இடைநிறுத்தம்தான் வலிக்கிற இடம் என்பது என் அபிப்பிராயம். விற்பனைப் பிரதிநிதி, டெலிவரிப் பொடியன், வாடகை வண்டி ஓட்டுநர், இவர்களுக்கு ஆறு மாதம் லைசன்ஸ் இல்லை என்றால் ஆறு மாதம் அடுப்பு எரியாது. இடைநிறுத்தின காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் அது வேறு கதை, நீதவானின் முகமே மாறிவிடும்.

இதெல்லாம் யாருக்கும் ஒன்றும் நடக்காத இரவின் கணக்கு. யாருக்காவது காயம் என்றால் தண்டமும் சிறைக்காலமும் அடுத்த படிக்கு ஏறும். உயிர் போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழேயே பத்து ஆண்டு வரை சிறை, லைசன்ஸ் ரத்து. இடைநிறுத்தம் அல்ல, ரத்து. தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, அதாவது கண்மூடித்தனமாக அல்லது கவனயீனமாக மரணம் விளைவித்தல், அதுவும் ஐந்து ஆண்டு வரை சிறையோடு பக்கத்தில் காத்திருக்கிறது. விபத்து நடந்தால் நிற்க வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், பொலிஸுக்கு 119. பயத்தில் ஓடிவிட்டு, காலையில் தெளிந்த பிறகு சட்டத்தரணியோடு சரணடையலாம் என்று யோசிக்கிறவர்கள் உண்டு. காலி வீதி முழுக்கக் கடைகளின் கமரா. ஓடிய காட்சியை நீதிமன்றத்தில் ஓட்டிப் பார்க்கும்போது எந்தச் சட்டத்தரணிக்கும் வாய் அடைத்துவிடும்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறேன் என்று சொல்வீர்கள். உங்கள் ஒப்பந்தத்தின் பின்பக்கச் சிறிய எழுத்தை வாசித்துப் பாருங்கள், மதுபோதையில் ஓட்டும்போது ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பொதுவாக இருக்கும். உங்கள் வண்டியின் உடைவு உங்கள் தலையில். அடிபட்ட மூன்றாம் ஆளுக்கு நீதிமன்றத் தீர்ப்பின்படி கொம்பனி பணம் கொடுத்தாலும், பிறகு அதை உங்களிடம் அறவிட வரலாம். வாடகைக் கார் இன்னும் மோசம். வாடகை ஒப்பந்தத்திலும் இதே நிபந்தனை இருக்கும், வண்டி கராஜில் கிடக்கும் நாட்களுக்கான வாடகையையும் சேர்த்துக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு மின்கம்பத்தில் மோதினார். ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை. நீதிமன்றத் தண்டம் 25,000தான். கம்பத்துக்கும் காருக்கும் சேர்த்துக் கட்டி முடிக்க அவர் மனைவியின் நகை அடைவுக் கடைக்குப் போனது.

இனி, மச்சான். இதைக் கவனமாக வாசித்து அவருக்கு அனுப்புங்கள். கனடா 2018 டிசம்பர் 18 முதல், போதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனையைப் பத்து ஆண்டாக உயர்த்தியது. அங்கே குடிவரவுச் சட்டத்தில் பத்து ஆண்டு என்பது ஒரு கோடு, அதைத் தொட்ட குற்றம் பாரிய குற்றமாகக் கணக்கிடப்படும். கனடாவுக்கு வெளியே பெற்ற தீர்ப்பும், அங்கே செய்திருந்தால் அதே குற்றமாகும் என்றால், கணக்கில் வரும். கனடாவின் எல்லையும் நம்முடையதைப் போல 80 மில்லிகிராம்தான், ஆகவே "அங்கே இது குற்றமில்லை" என்று தப்புவதற்கு இடம் குறைவு. கனடியக் குடியுரிமை எடுத்தவரை இது நாட்டுக்குள் விடாமல் தடுக்காது. ஆனால் நிரந்தர வதிவிட அட்டையோடு இருப்பவர், விசிட் விசாவில் போக இருப்பவர், ஸ்பொன்ஸரில் பைல் ஓடிக்கொண்டிருப்பவர், படிக்கப் போகக் காத்திருக்கும் பொடியன், இவர்கள் எல்லோருக்கும் புதுக்கடையில் 25,000 ரூபா கட்டி ஒப்புக்கொள்கிற அந்த இரண்டு நிமிடம் ரொறன்ரோவில் கதவை மூடக்கூடும். "பெரிய விஷயமில்லை, ஒப்புக்கொண்டு முடிச்சிட்டு வா" என்று சாதாரணமாகச் சொல்கிற ஆலோசனை, அப்படிப்பட்டவர்களுக்குப் பொருந்தாது. கூண்டில் ஏறுவதற்கு முன்பே சட்டத்தரணியிடம் குடிவரவு நிலையைச் சொல்ல வேண்டும். கொழும்பில் எத்தனை குடும்பத்தில் யாராவது ஒருவருடைய பைல் வெளிநாட்டில் ஓடாமல் இருக்கிறது?

அவருடைய லைசன்ஸையும் பாருங்கள். கனடிய லைசன்ஸை மட்டும் பையில் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. இங்கே செல்லுபடியாகும் அனுமதி தனியாக எடுக்க வேண்டும். அது இல்லாமல் ஓட்டுவதும் குற்றம், விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரருக்கு இன்னொரு சாட்டும் கிடைக்கும்.

கலியாணத்துக்கு என்ன செய்யலாம்? முடிவை முதல் கிளாஸுக்கு முன்னால் எடுக்க வேண்டும், பிறகு எடுக்கிற முடிவை எடுப்பது நீங்கள் அல்ல. குடும்பத்தில் குடிக்காத ஒருவர் இருந்தால் திறப்பை அவர் கையில் மாலையிலேயே கொடுத்துவிடுங்கள், இரவு பன்னிரண்டு மணிக்குக் கேட்டாலும் தராத ஆளாகப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு மாமியாக இருக்கும். "ஒன்றுதானே குடிச்சவன்" என்று இன்னொரு பொடியனிடம் கொடுப்பதில் பிரயோசனம் இல்லை. ஆள் இல்லை என்றால் பிக்மீ, ஊபர் வாடகை வண்டிகள் இருக்கவே இருக்கின்றன. வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்கு நள்ளிரவிலும் ஆகிற காசு, நீங்கள் கலியாண வீட்டில் மொய் எழுதுகிற தொகையில் ஒரு துண்டு. முழுக் குடும்பமும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்றால், உங்கள் காரை ஓட்டிவர சாரதியை அனுப்பும் சேவைகளும் கொழும்பில் உண்டு. டிசம்பர் இரவுகளில் ஆள் கிடைப்பது கஷ்டம், இரண்டு நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

காரை ஹோலிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் எனக்குப் பிடித்த வழி. ஹோலை புக் பண்ணும்போதே இரவு வண்டி நிற்க விடுவார்களா என்று கேட்டு, செக்கியூரிட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காலையில் எடுக்கப் போகிறவர் மட்டும் விடிய ஆறு மணிக்கே ஓட வேண்டாம். பத்து, பதினொன்றுக்குப் போகலாம், அல்லது முதல் நாள் ஒரு துளியும் தொடாத ஆளை அனுப்பலாம்.